விறகுக் கடையிலேயே அடுப்பு

விறகுக் கடைக்குப் போய் விறகு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்பில் வைத்து ஊதி, கண் எரிந்து, கடைசியில் சாம்பலை அள்ளிக் கொட்டுவது ஒரு வழி. விறகுக் கடையையே கொளுத்திவிட்டு, அதிலிருந்து வருகிற வாயுவை மட்டும் குழாய் போட்டு வீட்டுக்கு இழுத்துக்கொள்வது இன்னொரு வழி. சுமைகூலி மிச்சம். சாம்பல் அள்ளவேண்டாம். கண்ணும் எரியாது. விறகுக் கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பது மட்டும்தான் பாக்கி.

சிரிக்காதீர்கள். இந்த இரண்டாவது வழியைப் பற்றிப் பெரிய பெரிய மூளைகள் நூற்றைம்பது வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கின்றன. விறகுக் கடை இருக்கும் இடத்தில் நிலக்கரிப் படுகையை வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி எடுக்காமல், பூமிக்குள் இருந்த இடத்திலேயே பற்றவைத்து, வாயுவாக்கி மேலே எடுப்பது. 'நிலத்தடி நிலக்கரி வாயுவாக்கம்' என்று பெயர். மூன்று தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும்.

இந்தியாவில் இதற்கான வேலை 2024 ஜூனில் ஜார்க்கண்ட் மாநிலம் ஜாம்தாரா மாவட்டத்தில் ஆரம்பித்தது. ஆமாம், ஓ.டி.பி. கேட்டு போன் பண்ணும் கும்பல்களால் புகழ்பெற்ற அதே ஜாம்தாராதான்.

நான் பி.காம். கெமிஸ்ட்ரியைப் பத்தாம் வகுப்போடு வழியனுப்பி வைத்தவன். ஆனாலும் இந்த விஷயத்தில் ஒரு பி.காம்.காரன்தான் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் கதை.

*

நிலக்கரிக்குத் தாராளமாகக் காற்று கொடுத்தால் முழுசாக எரிந்து, சூட்டைக் கொடுத்துவிட்டுக் கரியமில வாயுவாகப் போய்விடும். காற்றைக் கஞ்சத்தனமாக அளந்துவிட்டு, கூடவே நீராவியையும் சேர்த்தால் அரைகுறையாக எரியும். கார்பன் மோனாக்ஸைடு, ஹைட்ரஜன் என்று இரண்டு வாயுக்கள் வரும். இரண்டும் மறுபடி எரியக்கூடியவை. குழாயில் பிடித்து எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் எரித்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் சூத்திரம்.

இது நம் ஊருக்குப் புதிதில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர்வீட்டு மாமாவுக்குத் தொண்ணூறு நடக்கிறது. கேட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"யுத்த காலத்துல பெட்ரோல் ஏதுடா? பஸ்ஸுக்குப் பின்னாடி தகர டிரம் மாதிரி ஒண்ணைக் கட்டியிருப்பான். அதுல அடுப்புக்கரியைக் கொட்டி, கிளீனர் பையன் ஒரு சக்கரத்தைச் சுத்துவான், சுத்துவான், கை கழண்டு போற மட்டும் சுத்துவான். அப்புறம்தான் வண்டி மூச்சு விடும். மேடு வந்தா எல்லாரும் இறங்கணும். காசையும் வாங்கிண்டு தள்ளவும் சொல்லுவான்!"

அதேதான். அந்த டிரம்முக்குள் நடந்ததுதான் சூத்திரம். இரண்டாம் உலகப் போரின்போது டி.வி.எஸ். நிறுவனமே 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று தயாரித்து விற்றது. போர் முடிந்தது, பெட்ரோல் வந்தது, டிரம்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

*

டிரம்மே வேண்டாம், பூமியே டிரம்மாக இருக்கட்டும் என்று முதலில் சொன்னவர் வில்லியம் சீமன்ஸ். 1868-ல், லண்டனில். சுரங்கத்தில் வீணாகக் கிடக்கிற தூள் கரியை அங்கேயே வாயுவாக்கலாமே என்றார். இருபது வருஷம் கழித்து அதையே இன்னும் விரிவாகச் சொன்னவர் ரஷ்யாவின் மெண்டலீவ். தனிம அட்டவணையைப் போட்டு நம்மைப் பள்ளிக்கூடத்தில் அழவைத்த அதே மெண்டலீவ்தான். நிலக்கரிச் சுரங்கங்களில் தானாகப் பற்றிக்கொள்ளும் தீ வருஷக்கணக்காக எரிவது அவருக்குத் தெரியும். நம் ஜரியாவில் 1916-ல் கண்டுபிடிக்கப்பட்ட தீ நூறு வருஷம் தாண்டியும் அணையவில்லையே, அந்த மாதிரி. எரியத்தான் போகிறது என்றால் ஒரு பக்கம் காற்றைவிட்டு மறுபக்கம் வாயுவைப் பிடிப்போமே என்பது அவர் யோசனை.

அப்புறம் வந்தவர் நோபல் பரிசு வாங்கிய வில்லியம் ராம்சே. 1912-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பக்கம் செய்தே காட்டுகிறேன் என்று கிளம்பினார். 1914-ல் போர் வந்தது. 1916-ல் அவரே போய்ச் சேர்ந்தார்.

ஆனால் ராம்சேயின் யோசனையைப் படித்து ஒருவர் கட்டுரை எழுதிவிட்டார். 1913, பிராவ்தா பத்திரிகை. எழுதியவர் லெனின்! முதலாளிகள் கையில் இந்தத் தொழில்நுட்பம் இருந்தால் லட்சக்கணக்கான சுரங்கத் தொழிலாளிகளுக்கு வேலை போகும், சோஷலிசம் வந்தால் எல்லோருக்கும் வேலை நேரம் குறையும் என்பது அவர் வாதம். ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நமக்கும் இதேபோல்தான் ஏதோ சொன்னார்கள். ராத்திரி எட்டு மணிக்கு இதை ஆபீஸில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பவர்கள் யோசிக்கவும்.

லெனின் எழுதியதாலோ என்னவோ, சோவியத்காரர்கள் 1930-களில் நிஜமாகவே இறங்கினார்கள். பல இடங்களில் பூமிக்குள் பற்றவைத்தார்கள். உஸ்பெகிஸ்தானில் ஆங்ரென் என்ற ஊரில் 1960-களில் ஆரம்பித்தது அரை நூற்றாண்டு தாண்டியும் ஓடி, பக்கத்து மின்நிலையத்துக்கு வாயு கொடுத்தது. ஆனால் மற்ற இடங்களில் உற்சாகம் வடிந்துவிட்டது. காரணம் எளிது. அவர்களுக்கு இயற்கை வாயு ஏராளமாகக் கிடைத்தது. நிலத்தடியில் வெறும் காற்றைச் செலுத்தி எடுக்கிற வாயுவில் பாதி நைட்ரஜன். சூடு, இயற்கை வாயுவில் சுமார் எட்டில் ஒரு பங்குதான் தேறும். பசும்பால் வாசலுக்கு வரும்போது யார் பவுடர் பாலைக் கரைப்பார்கள்?

*

திருச்சிக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. தரைக்கு மேலே.

திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் நிலக்கரியை வாயுவாக்கி, அந்த வாயுவில் டர்பைனைச் சுற்றி மின்சாரம் எடுக்கும் 6.2 மெகாவாட் சோதனை நிலையம் ஒன்றை அமைத்தார்கள். பிற்பாடு நாளுக்கு 168 டன் கரி தின்னக்கூடிய புதுக் கலன் ஒன்றையும் அதில் சேர்த்தார்கள். நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் சாம்பல். வெளிநாட்டுக் கலன்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. நம் கரிக்கு நம் அடுப்பு என்று திருச்சியில் உட்கார்ந்து செய்து பார்த்தார்கள். பாராட்டவேண்டிய வேலை.

பெல்லில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவனிடம் கேட்டேன். "மேலே செய்ததைக் கீழே செய்வதில் என்ன கஷ்டம்?"

"மாப்ள, மேலே இருக்கிறது இரும்புக் கலன். எத்தனை கரி உள்ளே போச்சு, எத்தனை சாம்பல் வெளியே வந்துச்சுன்னு எடை போடலாம். ஏதாவது சத்தம் வித்தியாசமா வந்தா வால்வை மூடலாம். ஆறவிட்டு ஆளை உள்ளே இறக்கி, எங்கே விரிசல்னு டார்ச் அடிச்சுப் பார்க்கலாம். பூமிக்குள்ளே எங்கே போய் டார்ச் அடிப்பே?"

விஷயத்தின் சாரமே இந்த டார்ச்தான்.

செய்முறை இதுதான். கரிப் படுகை வரைக்கும் இரண்டு துளைகள் போடுவார்கள். கீழே கரிக்குள்ளேயே இரண்டையும் இணைத்து ஒரு பாதை. ஒரு துளை வழியாகக் காற்றோ ஆக்ஸிஜனோ போகும். பற்றவைப்பார்கள். நீராவிக்குத் தேவையான தண்ணீர் பெரும்பாலும் சுற்றியுள்ள பாறையிலிருந்தே கசிந்து வரும். இன்னொரு துளை வழியாக வாயு மேலே வரும். கரி எரிய எரியக் கீழே ஒரு குகை உண்டாகும். அது எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கம் வளர்கிறது என்பதை மேலே வரும் வாயுவை அளந்து கணக்குப் போட்டு ஊகிக்கவேண்டும்.

இதில் ஒரு பொன்விதி உண்டு. குகைக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம், சுற்றியிருக்கும் நிலத்தடி நீரின் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கவேண்டும். பஞ்சர் கடையில் ட்யூபுக்குக் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் அதிகமென்றால் ஓட்டை வழியாகக் குமிழி வெளியே வரும். குறைவென்றால் தண்ணீர் உள்ளே போகும். பூமிக்குள் இருக்கும் பாறை எல்லாமே ஆயிரம் பஞ்சர் போட்ட ட்யூப். அங்கே குமிழியில் வருவது வெறும் காற்றல்ல. பென்சீன், பீனால், தார். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும்.

*

விதி தெரிந்தும் என்ன ஆனது?

அமெரிக்காவில் வயோமிங் மாநிலம், ஹோ கிரீக். 1976-லிருந்து 1979 வரை மூன்று சோதனைகள். நடத்தியது லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடம், அதாவது அணுகுண்டு விஞ்ஞானிகள். குகையின் கூரை இடிந்து மேலே இருந்த நீர்ப்படுகையோடு கலந்தது. நிலத்தடி நீரில் பென்சீன். சோதனை மூன்று வருஷம், சுத்தம் செய்கிற வேலை பல வருஷம்.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலம், சின்சில்லா. லின்க் எனர்ஜி என்ற கம்பெனி 1999-ல் ஆரம்பித்து 2013 வரை நடத்தியது. அழுத்தத்தை ஏற்றி ஓட்டி, பாறையைப் பிளந்து, வாயுவை வெளியே விட்டார்கள் என்று வழக்கு. 2016-ல் அந்த மாநிலம் இந்த முறையையே தடை செய்தது. ஸ்காட்லாந்தும் அதே வருஷம் கதவைச் சாத்தியது. 2018-ல் தீர்ப்பு வந்தது. வேண்டுமென்றே சுற்றுச்சூழலுக்குக் கடும் கேடு செய்ததாக ஐந்து குற்றங்கள் நிரூபணம். அபராதம் 45 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்.

நல்ல தீர்ப்புதான். ஆனால் கம்பெனி 2016-லேயே திவால். கோர்ட்டில் அதன் சார்பில் வாதாடக்கூட ஆள் இல்லை. லிமிடெட் கம்பெனி என்றால் என்ன என்று கல்லூரியில் மூன்று வருஷம் படித்தேன். அதற்குச் சின்சில்லாவைவிடத் தெளிவான உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. லாபம் வந்தால் பங்குதாரருக்கு. நஷ்டம் மண்ணுக்கு. சுற்றுவட்டாரத்தில் 300 சதுர கிலோமீட்டருக்கு மேல், தங்கள் சொந்த நிலத்திலேயே இரண்டு மீட்டருக்குக் கீழே தோண்டக்கூடாது என்று விவசாயிகளுக்கு உத்தரவு போட்டார்கள். இரண்டு மீட்டர்! நம் ஊரில் வாழைக்கன்றுக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் கலெக்டரிடம் மனு எழுதவேண்டியதுதான்.

*

அப்படியானால் இந்தியா ஏன் இதைத் தொடுகிறது? எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும்.

1975 டிசம்பர் 27-ல் தன்பாத் அருகே சாஸ்னாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஆளையே கீழே இறக்காமல் கரியை எடுக்கமுடியும் என்றால் அது சின்ன விஷயமா? வெட்டி எடுக்கக் கட்டுப்படியாகாத ஆழத்தில் ஏராளமான கரி இருக்கிறது. சாம்பல் கீழேயே தங்கிவிடும். எரிவாயுவையும் மெத்தனாலையும் உரத்துக்கான அம்மோனியாவையும் டாலர் கொடுத்து வாங்குவது குறையும். 2030-க்குள் பத்து கோடி டன் கரியை வாயுவாக்குவது என்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் மேலே, கலனில் செய்யும் வாயுவாக்கத்துக்கு 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை ஒதுக்கியது. அதே வருஷம்தான் ஜாம்தாராவின் கஸ்தா நிலக்கரிப் பகுதியில் ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனம் நிலத்தடி வேலையை ஆரம்பித்தது. முதல் கட்டத்தில் துளை போட்டு, பாறை மாதிரிகளைச் சோதித்து, சாத்தியமா என்று அறிக்கை. இரண்டாம் கட்டத்தில்தான் நெருப்பு.

முதலில் பாறையைப் படிப்போம், பிறகு பற்றவைப்போம் என்பது நல்ல வரிசைதான். அங்கே ஒழுங்காக நடந்தால் அடுத்த கேள்வி தானாகத் தெற்கே வரும். ஏனென்றால் இந்தியாவின் பழுப்பு நிலக்கரியில் முக்கால் பங்குக்கு மேல் தமிழ்நாட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி, வெட்டி எடுக்க முடியாத ஆழத்தில் மன்னார்குடி பக்கம்.

*

'அதுதான் மீத்தேன் திட்டம் என்று வந்து போய்விட்டதே' என்பீர்கள். அது வேறு, இது வேறு. மீத்தேன் திட்டத்தில் நெருப்பு கிடையாது. கரிப்படுகையின் தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்து, கரியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மீத்தேனை வெளியே வரவைப்பது. 2011-ல் ஒப்பந்தம் போட்டார்கள். நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் எதிர்த்துப் பேசினார். 2013 டிசம்பர் 30-ல் அவர் இறந்ததும் அந்தப் பிரசாரத்தின் நடுவில்தான். 2015-ல் அனுமதி இல்லை என்று மாநில அரசு முடிவெடுத்தது. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. 2023 ஏப்ரலில் வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி மூன்றும் நிலக்கரி ஏலப் பட்டியலில் தலைகாட்டி, தமிழ்நாடே கூச்சல் போட்டதும் ஒரே வாரத்தில் எடுக்கப்பட்டன. மைக்கேல்பட்டி எங்கே இருக்கிறது? அரியலூர் மாவட்டத்தில். 1995 வரை அது நம் திருச்சி மாவட்டம்.

2020 சட்டத்தில் ஒரு வேடிக்கை. முதலில் அறிவித்தபோது திருச்சி, அரியலூர், கரூர் எல்லாம் பட்டியலில் இருந்தன. சட்டமாக வந்தபோது மூன்றும் இல்லை. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம். ஆனாலும் சட்டப்படி நாங்கள் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் இல்லை. எதிர்வீட்டு மாமாவிடம் சொன்னேன். "ரெண்டு ஆத்துக்கும் நடுவுல பெருமாளே படுத்துண்டிருக்கார், அதைவிடவா பாதுகாப்பு?" என்றார்.

பெருமாள் பாதுகாப்பார். ஆனால் கீழே இருக்கும் தண்ணீரைப் பற்றி நெய்வேலிக்காரர்களைக் கேட்கவேண்டும். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிய்த்துக்கொண்டு மேலே வரும். கரியும் தண்ணீரும் ஒரே கட்டிலில் படுத்திருக்கிற இடம் இது. இங்கே ஒன்றைக் கொளுத்தி இன்னொன்று கெடாது என்று சொல்கிறவர் மிகவும் தைரியசாலி.

*

இப்போது என் பி.காம். கேள்வி.

ஒரு கடையில் வருஷக் கடைசியில் எவ்வளவு சரக்கு திருடு போனது என்று கண்டுபிடிக்கவேண்டும். என்ன செய்வோம்? ஓப்பனிங் ஸ்டாக், வாங்கியது, விற்றது, குளோசிங் ஸ்டாக். முதல் எண் இல்லை என்றால் மற்ற மூன்றும் வீண். ஆடிட்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காபி கேட்பார்.

தண்ணீரிலும் இதே கதைதான். கிணற்றில் பென்சீன் இருக்கிறது என்று நாளைக்கு ஒரு விவசாயி பாட்டிலோடு வந்து நின்றால், 'இது முன்னாடியே இருந்தது, கரிப் படுகைக்கு மேலே இருக்கும் தண்ணீரில் இயற்கையாகவே இருக்கும்' என்று கம்பெனி வக்கீல் சொல்வார். இல்லை என்று நிரூபிக்க விவசாயியிடம் என்ன இருக்கும்? பாட்டில்தான் இருக்கும்.

ஆகவே கஸ்தாவிலோ வேறெங்கேயோ நெருப்பு வைப்பதற்கு முன்னால் மூன்று கணக்குகள் திறக்கப்படவேண்டும். ஒன்று, சுற்றியுள்ள ஒவ்வொரு கிணற்றின் தண்ணீரையும் மழைக்கு முன்பும் பின்பும் சோதித்து, அந்த ஊர்ப் பஞ்சாயத்து போர்டில் எண்களை ஒட்டவேண்டும். கம்பெனி ஆபீஸ் பீரோவில் அல்ல. இரண்டு, குகையின் அழுத்தம், நீரின் அழுத்தம் இரண்டையும் தினமும் வெளியிடவேண்டும். பஞ்சர் கடைக்காரருக்குப் புரிகிற விஷயம் பொதுமக்களுக்குப் புரியாதா? மூன்று, சுத்தம் செய்வதற்கான பணத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் கட்டவேண்டும், கம்பெனி திவாலானாலும் யாரும் தொடமுடியாதபடி. வாடகை வீட்டுக்குப் பத்து மாச அட்வான்ஸ் கேட்கிற நாடுதானே இது?

இந்த மூன்றையும் செய்யத் தயார் என்றால் ஜார்க்கண்டில் பார்க்கட்டும், நாமும் கூர்ந்து பார்ப்போம். காவிரிப் படுகைக்கு வேண்டாம் என்பதே என் கட்சி. இங்கே ஓப்பனிங் ஸ்டாக்கே நாம் குடிக்கிற தண்ணீர்தான். திருச்சி மாநகரத்துக் குழாயில் வருவது ஆற்று மணலுக்கு அடியிலிருந்து எடுக்கிற நீர். கம்பரசம்பேட்டை பக்கம் போனால் ஆற்றுக்குள் நிற்கும் கிணறுகளைப் பார்க்கலாம். அந்த மணல் எதைக் கொடுக்கிறதோ அதைத்தான் குடிக்கிறோம்.

எந்த ஆபீஸிலும் நாலாயிரம் ரூபாய் பெட்டி கேஷைக்கூட ஓப்பனிங் பேலன்ஸ் எழுதாமல் ஒப்படைக்க மாட்டார்கள். காவிரித் தண்ணீர் அதைவிடப் பெரிய தொகை என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.